ராஸ் அல் கைமாவில் தண்டுக்கீரை

2007 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை துபாயில் விமானம் இறங்கியது. திருவனந்தபுரத்திலிருந்து நாலு மணி நேரம். நாகர்கோவிலுக்குத் தெற்கே கடற்கரை ஊர் எங்களுக்கு. அதுவரை நான் தனியாகப் போன தூரம் மதுரைதான். பெல்ட் மாட்டத் தெரியாமல் விழித்தபோது பக்கத்து இருக்கைக்காரர் மாட்டிவிட்டார். நன்றி சொல்லக் கூச்சமாக இருந்தது. சாப்பாட்டோடு வந்த இனிப்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவரும் எடுத்துச் சாப்பிட்டார்.

மகள் ஸ்டெல்லா ராஸ் அல் கைமாவில் ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸ். மருமகன் ஜஸ்டின் ஏ.சி. பழுது பார்ப்பவர். கல்யாணமாகி ஏழு வருஷம். முன்னே இரண்டு தங்கவில்லை. இப்போது ஆறாம் மாதம். ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னதால், ஆக்கிப் போட்டுத் தேற்ற என்னை விசிட் விசாவில் அழைத்திருந்தார்கள்.

விமான நிலையத்திலிருந்து ராஸ் அல் கைமா நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். டாக்சி ஓட்டியவர் பெஷாவர்க்காரர். ஒட்டகம் எங்கே நின்றாலும் வேகத்தைக் குறைத்து எனக்குக் காட்டினார். வழியெல்லாம் வெளுத்த மணல். ஊர் நெருங்க நெருங்க மணல் சிவந்தது. அப்புறம் மலை. ஒரு புல்கூட இல்லாத மலை. அதைக் குடைந்து கல் எடுக்கிறார்கள்; அடிவாரத்தில் சிமெண்டு ஆலைகள்.

வந்த முதல் வாரம் கீரைக்குத்தான் அலைந்தேன். கடையில் ஒரு கட்டு இரண்டு திர்ஹாம்; வாங்கி வீட்டுக்கு வருவதற்குள் துவண்டு போகும். அப்போதுதான் மருமகன், தான் ஏ.சி. பார்க்கப் போகும் கேம்ப் ஒன்றில் நம் ஆட்கள் கீரை போட்டிருப்பதாகச் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை என்னையும் கூட்டிப் போனார்.

கட்டட வேலை செய்கிறவர்கள் தங்கும் கேம்ப். அன்று லீவு. ஒருவர் துணி அலசினார், ஒருவருக்கு இன்னொருவர் முடி வெட்டிக்கொண்டிருந்தார். அறைகளுக்குப் பின்னால் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரையெல்லாம் வாளியில் பிடித்து ஊற்றி, தண்டுக்கீரையும் கொத்தமல்லியும் வளர்த்திருந்தார்கள். வரிசையாகக் கறுப்புப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஆறு அறை, அறைக்கு இரண்டு செடி. அந்த மணல் நாட்டில் அந்தப் பச்சையைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

தோட்டத்துக்குச் சொந்தக்காரர் முருகேசன், பெரம்பலூர்ப் பக்கம். கம்பி கட்டுகிறவர். அவருடைய இரண்டு பிள்ளைகளும் ஊரில் பிறந்தபோது அவர் இங்கே டூட்டியில் இருந்தாராம். விலை கேட்டதற்குக் கோபித்துக்கொண்டார்.

“மாசமா இருக்குற பொண்ணுக்குக் கீரைய வித்தேன்னு ஊர்ல போயிச் சொன்னா, எம் பொண்டாட்டி சோறு போடுவாளாம்மா?” என்றார்.

அதற்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் மருமகன் கையில் கீரை வந்துவிடும். கடைந்தேன், பொரித்தேன், சின்ன இறால் போட்டுக் கூட்டு வைத்தேன். ஸ்டெல்லா முகத்தில் தெளிச்சம் வந்தது. அவள் கேம்ப் பக்கம் போனதே இல்லை. டூட்டி முடிந்து வந்தால் படுக்கைதான்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே, மணலில் எப்படி அம்மா கீரை வருகிறது என்று கேட்டாள். நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன்.

“என்ன பெட்டி?” என்றாள்.

“கறுத்த பெட்டி மக்களே. உள்ள ஆறு அறை. செடி வைக்கதுக்குன்னே செஞ்ச மாதிரி அம்சமா இருக்கு.”

வாயில் வைத்த கையை எடுத்துவிட்டாள். மருமகனுக்குப் போன் போட்டாள். ஆமாம், லாரி பேட்டரிப் பெட்டிதான் என்றார் அவர். பக்கத்துப் பழைய சாமான் கடையில் சும்மா கொடுத்தார்களாம். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவித்தான் மண் நிரப்பினார்களாம். மண்ணும் அந்தக் கடைக்குப் பின்னால் அள்ளியதுதான்.

பேட்டரிக்குள் இருப்பது ஈயம், அது கழுவினாலும் முழுக்கப் போகாது, மண்ணில் இறங்கி வேர் வழியாக இலைக்கு ஏறும், தாய் தின்றால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும், பிள்ளையின் மூளையைக் கெடுக்கும் என்று ஸ்டெல்லாதான் சொல்லித் தந்தாள். ஐந்தாம் வகுப்பு படித்த எனக்கு ஈயம் என்றால் பாத்திரத்துக்குப் பூசுவது என்றுதான் தெரியும். அது வேறு, இது வேறு என்றாள். அவள் அழவில்லை. தட்டைக் கொண்டுபோய்க் கழுவினாள். வெகு நேரம் கழுவினாள்.

மறுநாள் கிளினிக் டாக்டர் ஸ்டெல்லாவுக்கு ரத்தம் எடுத்து துபாய்க்கு அனுப்பினார். முடிவு வர ஒரு வாரம் ஆகும். இந்தக் கீரையை வேறு யார் தின்கிறார்கள் என்றும் கேட்டார். ஒரு வருஷமாகத் தின்கிற கேம்ப் ஆட்களை அப்போதுதான் நினைத்தோம். எதுவும் சொல்லாமல், கீரை போதும் என்று மட்டும் சொல்லிவிடலாமா என்றார் மருமகன். அவருக்கு முருகேசன் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. நான் மருமகனிடம் நேரே பேசுவது குறைவு. ஸ்டெல்லாவைப் பார்த்து, “நான் வாறேன்னு சொல்லு” என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை போனபோது முருகேசன் கீரையை அறுத்துக் கட்டி வைத்திருந்தார். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. சொல்லிவிட்டேன். அவர் கட்டைக் கீழே வைத்தார்.

“நான் தின்னது போவட்டும். வயித்துப் புள்ளைக்குப் போயிக் குடுத்துட்டனேம்மா.”

“ஆக்கிக் குடுத்தது நாந்தான். நம்ம ரெண்டு பேருக்குமே தெரியாதுல்லா” என்றேன்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே பேசினார்: “முருகேசன் ஆறு மாசமா வயித்த வலிக்குதுன்னு உருளுறான். நாங்க அவனே வைக்கிற சாம்பார்தான் காரணம்னு நெனச்சோம்.”

சிலர் சிரித்தார்கள். முருகேசன் சிரிக்கவில்லை. ரத்தம் பார்க்க வாருங்கள் என்றேன். மாட்டேன் என்றார். ரத்தத்தில் ஏதாவது இருக்கிறது என்று தெரிந்தால் கம்பெனிக்காரன் டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுவான், அப்புறம் கலாஸ், எல்லாம் முடிந்தது என்றார்.

“முடிவு கம்பெனிக்குப் போவாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காவ. என் மவளும் ரத்தம் குடுத்துட்டுத்தான் இருக்கா. நீங்களும் குடுங்க தம்பி. ரெண்டு பேருக்கும் சேத்தே செபம் பண்ணிக்கிடுதேன்.”

அவர் கீழே வைத்த கட்டை எடுத்துக் குப்பை வாளியில் போட்டார். பிறகு உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். அவர் பின்னால் இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

அடுத்த வாரம் எல்லாருக்கும் முடிவு வந்தது. ஸ்டெல்லா ரத்தத்தில் ஈயம் இருக்கலாம் என்கிற அளவைவிடக் கொஞ்சம் அதிகம். மருந்து கொடுக்கும் அளவுக்கு இல்லை. கீரை நின்றால் குறையும், சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் ஒழுங்காகச் சாப்பிடு என்றார் டாக்டர். மற்ற நாலு பேருக்கும் அப்படித்தான்; முருகேசனுக்கு நிறையவே இருந்தது. அவருக்கு மருந்து ஆரம்பித்தார்கள். பெட்டிகளை மணலில் கவிழ்க்கக் கூடாது என்று ஸ்டெல்லா சொல்லியிருந்ததால், கையுறை போட்டு, மண்ணோடு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, கழிவு எடுக்கிறவர்களிடம் விவரம் சொல்லி ஒப்படைத்தார்கள். மருமகன் கடையிலிருந்து நல்ல மண் வாங்கிப் போய், காலி அரிசிச் சாக்குகளில் நிரப்பிக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது ஸ்டெல்லாவுக்கு அளவு இறங்கியிருந்தது.

ஏப்ரலில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல குரல். தொப்புள்கொடி ரத்தத்திலும் பார்த்தார்கள். பயப்படும்படி இல்லை, வளர வளர இன்னும் இரண்டு தடவை பார்ப்போம் என்றார் டாக்டர்.

நான் கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை முருகேசன் பிள்ளை பார்க்க வந்தார். முகம் தெளிந்திருந்தது, வயிற்று வலி விட்டுவிட்டதாம். பிள்ளையை வாங்கப் பயந்து, கையைக் கட்டிக்கொண்டே பார்த்தார். போகும்போதுதான் பைக்குள்ளிருந்து ஒரு கட்டுக் கீரையை எடுத்து, வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினார். வேண்டாம் என்று நாங்கள் சொல்லும் முன்னாலே போய்விட நினைத்தார் போல.

ஸ்டெல்லா பிப்ரவரிக்குப் பிறகு கீரை என்று ஒரு இலையைத் தொட்டவளில்லை. அவள் எழுந்து போய்க் கட்டை எடுத்தாள்.

“சாக்குல வந்ததாண்ணே?”

“சாக்குதான் பாப்பா. கடை மண்ணு.”

“அப்போ இருங்க. சாப்பிட்டுட்டுப் போலாம்” என்று கீரையை என் கையில் தந்தாள்.

நான் கடைந்தேன். அவர்கள் இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து தின்றார்கள். அவள் முதல் கவளம் விழுங்கும்வரை அவர் தன் சோற்றைப் பிசையவே இல்லை.

ஊருக்கு வந்துவிட்டேன். எங்கள் ஊரிலும் பேட்டரிக் கடைக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்கால் கரையில்தான் கீரைக்காரியின் பாத்தி. அங்கே முளைத்ததைத்தான் இத்தனை வருஷம் பேரம் பேசி வாங்கினேன். வந்த மறுநாள் கீரைக்காரி வாசலில் கூடையை இறக்கினாள். உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தேன். ராஸ் அல் கைமாவில் பார்த்ததை முதலிலிருந்து சொன்னேன். அவள் கூடையைத் துணியால் மூடினாள். பிறகு, மாதா கோயில் கிணற்றுப் பக்கம் ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கிறது, பங்குச் சாமியாரிடம் யார் கேட்பது என்றாள். வா, நானும் வருகிறேன் என்று எழுந்தேன்.