எங்கேயும் தெரியாதவர்

காலை ஒனிஹங்கா ரயிலில் எனக்கு எதிரே உட்காரும் காவலாளி, சீருடையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருப்பார். கைபேசியில் தினமும் ஒரே வீடியோதான் பார்ப்பார். எண்பதுகளில் டிவியில் நேரடியாகக் காட்டிய ராக் திருவிழா அது. சத்தத்தை அணைத்துவிடுவார்.

"ராக் பிடிக்குமா, ஐயா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லைத் தம்பி, தலையிடி. மேடையில கமராக்காரனுக்குப் பின்னால வயரைத் தூக்கிக்கொண்டு ஓடினது நான்."

"இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு இடத்திலயும் தெரியமாட்டன். வயரும் தெரியாது. ஒருத்தரும் தடக்கி விழேல்லை. வடிவாத் தேடிப் பாரும்."

வீட்டில் அதே வீடியோவை இரண்டு முறை முழுவதும் ஓடவிட்டுத் தேடினேன். பாடகனோடு கேமரா மேடை முழுக்க ஓடியது. பின்னால் ஓடியவரின் நிழல்கூட விழவில்லை.

மறுநாள், "நீங்க எங்கேயுமே இல்லை, ஐயா" என்றேன்.

கழுத்துப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு, பென்ரோஸில் இறங்கிப் போனார்.