பொய்க்கட்டு

இந்தக் கள்ளத்தனத்தை இதுவரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கர்ப்பப்பைக் கட்டிக்கு மதுரையில் வைத்தியம் பார்த்தேன். வயிற்றைக் கிழிக்காமல், தொடையிடுக்கில் சின்னத் துளை போட்டு, கட்டிக்கு ரத்தம் போகும் குழாயை அடைத்துவிட்டார்கள். இரண்டாம் நாளே ராஜபாளையம் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் வலி விடவில்லை. அடிவயிற்றை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல் இருந்தது.

"ஏட்டி, கத்தி வைக்கல, தையல் போடல. எதுக்கு இம்புட்டு நாளாப் படுத்தே கெடக்க?" என்றார் மாமியார்.

என் கணவர் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்க்கிறார். வீட்டில் அந்தத் துணிக்குப் பஞ்சமில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, காயமே இல்லாத வயிற்றில் நாலு சுற்றுச் சுற்றினேன். துளை போட்டது வயிற்றில்தான் என்றதும் மாமியார் அடங்கிவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "அம்புட்டுப் பெரிய ஆபரேஷனா!" என்று உச்சுக்கொட்டினார்கள். வலி நிஜம்தானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

என் கொழுந்தன் மனைவி செல்வி சேலை மாற்றிவிட வந்தாள். அப்போது கட்டு நழுவி இடுப்புக்கு இறங்கிவிட்டது. வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. களவு பிடிபட்டவள்போல் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவள் துணியை மேலே இழுத்து, முன்னைவிட இறுக்கமாக முடிச்சுப் போட்டாள்.

"எனக்கு அப்ப இது தோணாமப் போச்சேக்கா," என்றாள்.

போன வருடம் அவளுக்குக் கரு கலைந்தது. மூன்றாம் நாள், "ஒனக்கென்ன, நல்லாத்தான இருக்க?" என்று எழுப்பி, அவளை மாவாட்ட வைத்தது நான்தான்.

கட்டை அவிழ்த்துப் பல நாளாகிறது. இன்றும் கிரைண்டர் சத்தம் கேட்டால் அடுப்படிப் பக்கம் போக எனக்குக் கால் வருவதில்லை.