கனகராஜ் மாமாவும் நாலாம் நம்பர் காற்றும்

சிம்பாங் ரெங்கத்தில் கனகராஜ் மாமாவை முகத்தால் அறிந்தவர்கள் ஒரு நூறு பேர் இருப்பார்கள். குரலால் அறிந்தவர்களைத் தேடிப் போனால் மலேசியாவின் வடகோடியில் இருக்கிற பெர்லிஸ் வரைக்கும் போகவேண்டும். பள்ளி வேன் ஓட்டுகிற ஆளுக்கு இது எப்படி என்றால், வானொலிதான். மாமா ஒரு நேயர். சும்மா உட்கார்ந்து கேட்கிற நேயர் இல்லை, கூப்பிடுகிற நேயர்.

தெப்ராவில் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்திலேயே பொதுத் தொலைபேசியில் காசு போட்டுக் கூப்பிட ஆரம்பித்தாராம். பிறகு அவர் தொழிற்சாலையை விட்டார், தலைமுடி அவரை விட்டது, கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை. "வணக்கம், வணக்கம், வணக்கம்! சிம்பாங் ரெங்கத்திலிருந்து கனகராஜ்!" மூன்று வணக்கமும் மூன்று சுருதியில் வரும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள், கடைக்காரருக்குக் கல்யாண நாள், யாரோ ஒருவருக்கு முட்டி ஆபரேஷன் என்று எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்லி ஒரு பாட்டும் கேட்பார். அரை நிமிடம் கொடுப்பார்கள். அரை நிமிடத்தில் ஐந்து குடும்பத்தை வாழ்த்துகிற ஆள் அவர்.

நான் லோஷினி, பதினேழு வயது. பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தில், நானும் பள்ளிக்கூடமும் ஒருவரை ஒருவர் பார்த்துக் களைத்துப் பிரிந்துவிட்டோம். இப்போது மாமாவின் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை. ஆக, தினமும் இரண்டு தடவை பள்ளிக்குப் போகிறேன். உள்ளே போவதில்லை, அவ்வளவுதான்.

அந்த வேனை மாமா 'இவ' என்றுதான் சொல்வார். காலையில் முகம் கழுவுகிறாரோ இல்லையோ, முன்கண்ணாடிக்கு அடியில், வைப்பருக்குப் பக்கத்தில் ஒரு முழம் மல்லிகை வைத்துவிடுவார். வெள்ளிக்கிழமை என்றால் கூடவே செவ்வந்தி. ஆயுத பூஜை வந்தால் மாலை, மாவிலை, வேப்பிலை என்று முன்பக்கமே தெரியாது. "மாமா, பொண்ணு ரெடி, மாப்பிள்ளை எங்க?" என்று கேட்பேன். "ஏறு வண்டில, வாயாடி" என்பார்.

இப்படிச் சீராட்டி வளர்த்த வேன்தான் மாமாவின் மானத்தை வாங்கியது.

அதன் காற்று விசிறிக்கு நாலு வேகம். ஒரு நாள் காலையில் ஒன்று, இரண்டு, மூன்று எதுவுமே வேலை செய்யவில்லை. நாலாம் நம்பர் மட்டும் ஓடியது. அது காற்று இல்லை, சூறாவளி. பிள்ளைகளின் தலைமுடி பின்னால் பறக்கும், நெற்றியில் இட்ட திருநீறு காதுக்குப் போகும். அன்று மதியம் மாமா அந்தச் சத்தத்தோடே வானொலிக்குக் கூப்பிட்டார். மதிய நிகழ்ச்சி செய்யும் ரூபேந்திரன் நேரலையில் கேட்டார்: "கனகராஜ் அண்ணே, பிள்ளைங்கள ஹெலிகாப்டர்லயா ஏத்திட்டுப் போறீங்க?"

நாடே சிரித்தது. நானும்தான். அடுத்த தடவை மாமா கூப்பிட்டபோது, மூன்றாவது வணக்கத்துக்கு முன்பே லைனைத் துண்டித்துவிட்டார்கள். அன்று நான் சிரிக்கவில்லை. மாமா கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, "லைன் சரியில்ல போல" என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் காரணம் தெரியும்.

அப்புறம்தான் அந்த அழைப்பு வந்தது. வானொலி நிலையமே மாமாவைக் கூப்பிட்டது! வருகிற வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஒரு பழைய நேயர் கையில் நிகழ்ச்சியைக் கொடுக்கிறார்களாம். முழுசாகக் கால் மணி நேரம். ஒரே ஒரு நிபந்தனை: லைன் சுத்தமாக இருக்கவேண்டும், இரைச்சல் கேட்டால் அடுத்த நேயருக்குப் போய்விடுவார்கள்.

மாமா குதித்தார். உண்மையாகவே குதித்தார், எண்பத்தைந்து கிலோ. பிறகு அப்படியே நின்றுவிட்டார்.

"ஒரு மணிக்கா?"

ஒரு மணிக்குச் சின்னப் பிள்ளைகள் வேனுக்குள் இருப்பார்கள், பெரிய வகுப்பு இன்னும் விட்டிருக்காது. பள்ளி வாசலில் நின்று காத்திருக்கிற நேரம் அது. வெளியே இறங்கிப் பேசினால் லோரிச் சத்தம். இன்ஜின் ஓடும்போது பிள்ளைகளை விட்டு மாமா நகரமாட்டார். விசிறியை நிறுத்தினால் அந்த வெயிலில் பிள்ளைகள் வெந்துபோவார்கள். ஆக ஒரே வழி, ஒன்றாம் நம்பர் உயிரோடு வரவேண்டும்.

பொமென் குணாளனிடம் போனோம். எங்கள் ஊரில் மெக்கானிக்கைப் பொமென் என்றுதான் சொல்வோம். அவர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்: "அண்ணே, ஒண்ணு, ரெண்டு, மூணுக்குப் போற கரண்டு ரெசிஸ்டர்னு ஒரு சின்ன சாமான் வழியா போவுது. நாலு மட்டும் நேரா போவுது. சாமான் எரிஞ்சு போச்சு, அதான் நாலு மட்டும் ஓடுது."

புதுசு போட்டார். இரண்டு நாள் தென்றல். மூன்றாவது நாள் மறுபடியும் எரிந்துவிட்டது. இன்னொன்று போட்டார். வியாழக்கிழமை காலைச் சவாரி முடிந்து திரும்பும்போது லேசாகக் கருகின வாடை. மாமா பொத்தானை ஒன்றில் வைத்தார், ஒன்றுமில்லை. இரண்டு, மூன்று, ஒன்றுமில்லை. நாலில் வைத்தார். ஹெலிகாப்டர்.

அங்கேயே ஊர் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து, தன் முழு வானொலிக் குரலில் பேசிப் போட்டுவிட்டார்: "பொமென் குணாளன் போலி சாமான் போட்டு ஏமாத்துறான், உஷார், உஷார், உஷார்!" அதற்கும் மூன்று சுருதி.

பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் குணாளன் கேட்டிருந்தார். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க அண்ணே, வாங்க. ஏமாத்துறவன் கடைக்கு வாங்க."

"பின்ன என்னய்யா? கச்சாங் கடலை மடிக்கிற காகிதத்துலயா செஞ்சிருக்கான் அந்தச் சாமான? ரெண்டு எரிஞ்சிருச்சு!"

"மூணாவதும் கையில இருக்கு. ஆனா போட மாட்டேன்."

"ஏன்?"

"அதுவும் எரியும். எதனால எரியுதுன்னு தெரியாம நான் கை வைக்க மாட்டேன்."

"குணா, எனக்கு ஒரு மணிக்கு ரேடியோ!"

"உங்களுக்கு ரேடியோ, எனக்கு என் பேரு!"

இரண்டு பேரும் உச்ச சுருதியில் கத்தினார்கள். யாரைப் படம் எடுப்பது என்று தெரியாமல் நான் வேனின் மூக்கில் சாய்ந்து நின்றேன். கைக்குப் பக்கத்தில் அன்றைய மல்லிகை. சும்மா இழுத்தேன், வரவில்லை. சரத்தின் வால் வைப்பருக்குக் கீழே இருக்கிற காற்றுத் துளைக்குள் போயிருந்தது. எட்டிப் பார்த்தேன். துளையை மூடவேண்டிய வலை துருப்பிடித்துக் கொட்டிப்போய், கை போகிற அளவுக்கு ஓட்டை.

எனக்கு அந்த ஓட்டையை நன்றாகத் தெரியும். போன வருஷம் மாமாவின் பிறந்தநாளன்று அரை டப்பா குழந்தைப் பவுடரை அதில்தான் கொட்டினேன். அவர் விசிறியைப் போட்டதும் முகம் முழுக்க வெள்ளை. பார்த்தவர்கள் எல்லாம் பழனிக்குப் போய்விட்டு வந்தீர்களா என்று கேட்டார்கள். இங்கே போட்டால் முகத்துக்கு வரும், எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் அவ்வளவுதான்.

ஆனால் பவுடர் வந்தது. பூ ஒரு நாளும் வந்ததில்லையே.

"மாமா!"

"சும்மா இரு!"

"மாமா, தினமும் பூ வைக்கிறீங்கல்ல, காஞ்ச பூவ யாரு எடுத்துப் போடுறா?"

"யாரு எடுக்கணும்? காத்துல பறந்து போயிரும்."

"எந்தக் காத்துல?"

சண்டை நின்றது. குணாளன் என்னைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், வெளிக்காற்றை வேனுக்குள் விடுகிற நெம்புகோலைப் பார்த்தார். பிள்ளைகளின் காலுறை வாடை தாங்காமல் மாமா அதை எப்போதும் திறந்தே வைத்திருப்பார்.

"அலமாக், அடக் கடவுளே!" என்று சொல்லிக்கொண்டே குணாளன் திருப்புளியை எடுத்தார்.

டேஷ்போர்டின் இடதுபக்க டிராயரைக் கழற்றினார். அதற்குப் பின்னால் விசிறியைப் பிடித்திருந்த திருகாணிகளைக் கழற்றினார். விசிறி கீழே இறங்கியது. முதலில் எலிக்கூடு என்றுதான் நினைத்தேன். எலிக்கூடு இல்லை. வருஷக்கணக்கான செவ்வந்தி, சருகாகி, பவுடரில் புரண்டு, கட்டிப் பிடித்துக் கிடந்தது. மாவிலை இருந்தது, வேப்பிலை இருந்தது, எலுமிச்சைத் தோல்கூட இருந்தது. மல்லிகை கட்டின நூல் மட்டும் விசிறியின் தண்டில் சுற்றிச் சுற்றி, அம்மன் கையில் காப்புக் கட்டியது மாதிரி இறுகியிருந்தது.

"இதான்!" குணாளன் கிட்டத்தட்ட ஆடினார். "சுத்த முடியாம சுத்துது, அதனால கரண்ட அதிகமா இழுக்குது. அந்தச் சாமான் இந்தக் காத்துலதான் சூடு ஆறணும், காத்தும் போகல. எரியாம என்ன செய்யும்? அண்ணே, இது பொமென் வேலையா, பூசாரி வேலையா?"

மாமா நூலில் ஒரு துண்டைப் பிய்த்து எடுத்தார். அந்த நூலை விரலில் சுற்றிப் பார்த்தார். "நல்லதுன்னுதானே வச்சேன்" என்றார் மெதுவாக, வேனைப் பார்த்து.

என்னிடம் பத்து நக்கல் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன். "தண்ணி குடிங்க மாமா" என்றுதான் வந்தது.

குணாளன் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, ஓட்டையில் புது வலை வைத்து, மூன்றாவது சாமானைப் பூட்டினார். மாமா ஒன்றாம் நம்பரில் வைத்தார். சத்தமே இல்லை. ஓடவில்லையோ என்று பயந்து, காய்ச்சல் பார்க்கிற மாதிரி காற்று வரும் வாயில் உள்ளங்கையை வைத்தார். காற்று வந்தது! இரண்டு, மூன்று, எல்லாம் வந்தது! நான் விசில் அடித்தேன்.

"நாலு மட்டும் போடாதீங்க" என்று குணாளன் கத்தினார். "சுரண்டினதுல இளகின குப்பை இன்னும் குழாய்க்குள்ள இருக்கும். சாயந்திரம் கொண்டாங்க, ஊதி விடுறேன்!"

பள்ளி வாசல். சின்னப் பிள்ளைகளை ஏற்றிக் கதவைச் சாத்தினேன். "பதினைஞ்சு நிமிஷம், ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது. மாமா ரேடியோல பேசப் போறாரு."

"தும்மல் வந்தா?" என்றான் முதலாம் ஆண்டு ஜீவன்.

"முழுங்கிரு."

மூன்றாம் ஆண்டு அபிகெயில் அவனை நம்பவில்லை. தன் கைக்குட்டையை எடுத்து அவன் வாயருகில் தயாராகப் பிடித்துக்கொண்டாள்.

கைப்பேசி அடித்தது.

"வணக்கம் கனகராஜ் அண்ணே! என்ன லைன் இவ்வளவு சுத்தமா இருக்கு? ஹெலிகாப்டர வித்துட்டீங்களா?"

"வணக்கம், வணக்கம், வணக்கம்!" மாமா பொரிந்து தள்ளினார். ஏழு பிறந்தநாள், இரண்டு கல்யாண நாள், ஒரு புது வீடு. அரை நிமிடம் முடிந்தது. மாமாவும் முடிந்துவிட்டார்.

வாய் திறந்திருந்தது, ஒன்றும் வரவில்லை. இத்தனை வருஷமும் அரை நிமிடத்துக்குப் பழகின வாய் அது. கால் மணி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. நாடு முழுக்க மௌனம் ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. "அண்ணே? இருக்கீங்களா?" என்றார் ரூபேந்திரன். மாமாவின் விரலில் அந்த நூல் இன்னும் சுற்றியிருந்தது. நான் அதைத் தொட்டுக் காட்டினேன்.

மாமா அதைப் பார்த்தார்.

"தம்பி, இன்னைக்குக் காலைல நான் ஒருத்தர ஏமாத்துக்காரன்னு சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது! பூ, ஓட்டை, பவுடர், எலுமிச்சைத் தோல், குணாளன் ஆடின ஆட்டம், எல்லாவற்றையும் சொன்னார். ரூபேந்திரன் சிரித்துச் சிரித்து இருமினார். "சிம்பாங் ரெங்கம் குணாளன் நல்ல பொமென். பூ வச்சது நான், எரிச்சதும் நான். அவருக்காக ஒரு பாட்டு போடுங்க" என்றார் மாமா.

"போட்ருவோம்! அண்ணே, இன்னும் நேரம் இருக்கு, பேசுங்க."

மாமா கண்ணாடியில் பின்னால் பார்த்தார். நானும் திரும்பினேன். அந்த வெயிலுக்கு ஒன்றாம் நம்பர் எந்த மூலைக்கு? பிள்ளைகள் வேகவைத்த இறால் மாதிரி சிவந்து, தொப்பலாக நனைந்து, ஒரு மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஜீவனின் மூக்கு நுனியில் ஒரு வேர்வைத் துளி தொங்கியது. துடைத்தால் சத்தம் வரும் என்று அவன் துடைக்கவில்லை.

"போதும் தம்பி" என்றார் மாமா. "இங்க பிள்ளைங்க வேகுது. இப்ப ஹெலிகாப்டர் கேக்கும், மன்னிச்சிருங்க."

"மாமா, நாலு போடாதீ..." என்று நான் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

உறுமிக்கொண்டு கிளம்பியது. குழாய்க்குள் மிச்சமிருந்தது அத்தனையும் எல்லா வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் பொழிந்தது. மஞ்சள், பழுப்பு, காவி, கூடவே போன வருஷத்துப் பவுடரும். பிள்ளைகள் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்தினார்கள். மாமாவின் வழுக்கையில் ஒரு செவ்வந்தி இதழ் ஒட்டிக்கொண்டது. அந்தக் கூச்சலுக்கு நடுவில், ஜீவன் முழுங்கி வைத்திருந்த தும்மலைப் போட்டுவிட்டுக் கேட்டது நாடு முழுக்கக் கேட்டதாம்: "மாமா, யாருக்குக் கல்யாணம்?"

பெரிய வகுப்பு விடுகிற மணி அடித்தபோது ஊர்க் குழுவில் குணாளன் குரல் வந்து விழுந்தது.

"வணக்கம், வணக்கம், வணக்கம்! சிம்பாங் ரெங்கத்திலிருந்து குணாளன்! அண்ணே, நாலு போடாதீங்கன்னு சொன்னேன்ல?"