பங்களா மேட்டில் சொன்னது

மேட்டில் ஏறும்போது அக்கா எப்போதும் எனக்கு வலப்பக்கமாகத்தான் ஓடுவார். அது கார்கள் போகும் பக்கம். "வண்டி வந்தா என்மேல மோதட்டும்லா, எனக்கு என்ன, புள்ளயா குட்டியா," என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் நான் மோசம் போனேன். கூடப் பிறந்தவரில்லை. மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தின் குடிநீர்க் குழாயடியில் ஒரு ஞாயிறு காலை பேச்சுக் கொடுத்து, அன்றிலிருந்து வருடக்கணக்காக என்னோடு ஓடியவர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்பதால் அக்கா. இதை எழுதிக்கொண்டு போகும்போது 'அவர்' எங்கோ ஓரிடத்தில் 'அவள்' ஆகிவிடும். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், எனக்கு அதற்குமேல் மரியாதை வரவில்லை.

எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஓட ஆரம்பித்தேன். தோ பாயோவில் என் அடுக்குமாடி புளோக்கிலிருந்து நான் நடந்து போவேன். அக்கா புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து நீர்த்தேக்க வாசலில் நிற்பார். தண்ணீரை ஒட்டிய மரப்பலகைப் பாதையில் தொடங்குவோம். வெயில் ஏறாத அந்த வேளையில் நீர் அசையாமல் கிடக்கும், கரையோர மரங்களில் குரங்குகள் குட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு எங்களை வேடிக்கை பார்க்கும். காட்டுக்குள் சற்றுப் போய், வேர்களில் தடுக்காமல் வெளியே வந்து, பெரிய சாலையைத் தாண்டினால் பங்களா மேடு. வெள்ளைக்காரர் காலத்து வீடுகள். வெள்ளைச் சுவர், கறுப்பு மரச்சட்டங்கள், தாழ்வாரத்தில் கறுப்பு வெள்ளைத் தட்டிகள், ஒரு புளோக்கையே தூக்கி வைக்கும் அளவுக்குப் புல்வெளி. தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில் அந்தச் சாலை வளைந்து வளைந்து ஏறும். சிங்கப்பூரில் இதைவிட அழகான ஓட்டப்பாதை கிடையாது என்று அக்கா அடித்துச் சொல்வார். முடித்துவிட்டு பஸ் பிடித்து, நம்மவர் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போய், ஓடி எரித்ததையெல்லாம் நெய்த்தோசையாகத் திரும்ப ஏற்றிக்கொள்வோம்.

ஓடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. பேசிக்கொண்டே ஓட முடிந்தால் அதுதான் சரியான வேகம். பேச்சு திக்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அதனால் நாங்கள் பேசினோம். வேகத்தைச் சோதிப்பதற்காகவே பேசினோம். பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, கண் முழுக்கத் தரையில்தான். எதிரே உட்கார்ந்தால் ஜென்மத்துக்கும் வாயில் வராதது, அப்படி ஓடும்போது தானாக வந்துவிடும். அதற்கு அக்காவே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார்: "ஓட்டத்துல பேசுனது ஓட்டத்தோட." அவர் தன் வீட்டுக்காரரைப் பற்றி என்னிடம் சொன்னது ஏராளம். இன்றுவரை ஒருவரிடமும் நான் வாய் திறந்ததில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை.

நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அந்த மேட்டில் ஒரு பங்களாவின் பின்கட்டில், வேலைக்காரர்களுக்கான சின்ன அறையில்தான் என் அம்மா என்னை வளர்த்தார். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா அங்கே துணி துவைத்து, சமையலுக்கு உதவி, வெள்ளிச் சாமான்களைத் துடைத்து வைப்பார். ஒருநாள் வெள்ளிக் கரண்டி ஒன்று காணோம். வீட்டு எஜமானி மேம் அம்மாவைத்தான் சந்தேகப்பட்டார். எடுக்கவில்லை என்று சொல்லிப் பார்த்து, அழுது பார்த்து, கடைசியில் பின்வாசல் படியில் என் அம்மா அவர் காலில் விழுந்தார். மேம் தன் செருப்பில் கை பட்டுவிடக் கூடாது என்று ஓரடி பின்னால் நகர்ந்தார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று சாயங்காலமே துணிமூட்டையோடு வெளியேறினோம். அம்மா அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. அந்தச் சாலை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏற மாட்டார், சுற்றுவழிதான். நான் என் கணவரிடமும் சொன்னதில்லை. அந்த பங்களாவின் கேட்டைத் தாண்டும்போது அக்காவிடம் சொன்னேன். அவர் மேடு முடியும்வரை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே ஓடினார். இப்படி ஒரு மனுஷி கிடைக்க என்ன புண்ணியம் செய்தேனோ என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பிறகு என் முட்டி வீங்கிக்கொண்டது. சில மாதம் ஓடக் கூடாது என்றார்கள். அக்கா முதலில் வாரம் தவறாமல் போன் செய்தார், அப்புறம் எப்போதாவது. நம்மவர்களுக்காக மரபு ஓட்டம் ஒன்று நடத்துவதாகவும், பழைய இடங்களின் கதைகளைத் தமிழிலேயே சொல்லிக்கொண்டு கூட்டமாக ஓடுவதாகவும் சொன்னார். சந்தோஷமாகத்தான் இருந்தது. முட்டி தேறியதும், நடந்தாவது பார்ப்போம் என்று ஒரு ஞாயிறு மேட்டுக்குப் போனேன். அந்த கேட்டுக்கு எதிரே ஆரஞ்சுச் சட்டை போட்ட கும்பல் நின்றது. நடுவில் அக்கா. அவரைத் திகைக்க வைக்கலாம் என்று ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றேன்.

"இதே மாதிரி ஒரு பங்களாவுலதான் எங்கம்மா வேலைக்காரியா இருந்தாங்க," என்றாள் அக்கா. "ஒருநாள் மேமோட மோதிரம் காணாமப் போச்சு."

எங்கம்மாவாம்! தேக்காவில் துணிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து, குடித்த டம்ளரைக்கூடக் கழுவியறியாத மகராசி அவள் அம்மா. அதையும் ஓடும்போது அவளேதான் சொல்லியிருந்தாள். படி, முந்தானை, ஓரடி பின்னால் போன செருப்பு, ஒன்றையும் விடவில்லை. விழுந்ததைச் சொல்லும்போது குனிந்து கையை நீட்டியும் காட்டினாள். கூட்டத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள், இரண்டு பேர் போனில் படம் பிடித்தார்கள். என் அம்மா இத்தனை வருடம் யார் கண்ணிலும் படாமல் பொத்திவைத்திருந்ததை, வெயில் ஏறுவதற்குள் ஊருக்கே விரித்துப் போட்டுவிட்டாள்.

கும்பல் கலைந்த பிறகு எதிரே போய் நின்றேன். முகம் வெளுத்துவிட்டது, ஆனாலும் சமாளித்தாள். "ஏன்லா இவ்ளோ டென்ஷன் ஆவுற? உன் பேரச் சொன்னேனா? உங்கம்மா பேரச் சொன்னேனா? கரண்டியக்கூட மோதிரமா மாத்திட்டேன்."

"ஓட்டத்துல பேசுனது ஓட்டத்தோடன்னு யாருக்கா சொன்னது?"

"நானும் ஓடும்போதுதானே சொல்றேன்," என்றாள். கூசாமல் சொன்னாள். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அறுத்தவளே நியாயமும் பேசினாள். நான் திரும்பி நடந்து வந்துவிட்டேன். அவள் எண்ணைப் போனிலிருந்து அழித்தேன். பாழாய்ப்போன எண் மனதிலிருந்து அழியவில்லை.

அதோடு போயிருந்தால் அது என் வயிற்றெரிச்சலாக மட்டும் இருந்திருக்கும். சில வாரம் கழித்து வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், என்னோடு இருக்கும் அம்மா சாப்பாட்டு மேசையில் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கோயில் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அந்த வீடியோவை அனுப்பியிருக்கிறார்கள். அது அக்காவின் குரல். பிடுங்கப் போனேன். "இரு," என்றார் அம்மா. முடியும்வரை பார்த்தார். மறுபடியும் போட்டார்.

"யாரு பெத்த புள்ளயோ, பாவம்," என்றார். "இவங்கள உனக்குத் தெரியுமா? நீயும் அந்தப் பக்கந்தானே ஓடுவ?"

"தெரியும்மா. எங்கூட ஓடினவங்க."

"ஒருதடவ வீட்டுக்கு வரச் சொல்லேன். பாக்கணும் போல இருக்கு."

இது வேண்டும் அது வேண்டும் என்று வாயெடுத்துக் கேட்காதவர் என் அம்மா. தீபாவளிக்குப் புடவைகூட நானாக எடுத்துக் கொடுப்பதுதான். நாளை பார்க்கலாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தட்டிக் கழித்தேன். தினமும் கேட்டார். எல்லாம் பொய்யம்மா, அது நீங்கதான், சொன்னவள் நான்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவளுக்குப் போன் செய்தேன். "எங்கம்மா உங்களப் பாக்கணுமாம். உங்கம்மாவப் பத்திப் பேசணுமாம்," என்றேன். எந்தக் கிழமை என்று கேட்டாள். பிறகு வருகிறேன் என்றாள்.

வந்தாள், பழங்களோடு. அம்மா அவளைத் தன் பக்கத்தில் சோபாவில் உட்கார வைத்துக்கொண்டு, "நீ போய் டீ போடும்மா," என்று என்னை அனுப்பிவிட்டார். மூன்றறை வீட்டில் அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவே என்ன மறைவு இருக்கிறது? எல்லாமே கேட்டது. "உங்கம்மாவுக்கு மோதிரம், எனக்குக் கரண்டி," என்று ஆரம்பித்தார். என் வயதுக்கு என்னிடம் சொல்லாததையெல்லாம் அவளிடம் சொன்னார். அன்றிரவு எங்கே படுத்தோம், என்ன சாப்பிட்டோம், எத்தனை நாள் ஆற்றங்கரைப் பக்கம் போய் நின்றுவிட்டுத் திரும்பினார். எனக்கே தெரியாதவை அவை. "உலகத்துல எனக்கு மட்டுந்தான் இப்படி ஆச்சுன்னு வெக்கப்பட்டுக்கிட்டே இருந்துட்டேன்மா," என்றார். அம்மாவின் குரல் அவ்வளவு லேசாகி நான் கேட்டதில்லை.

தட்டோடு வெளியே வந்தேன். அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், அவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு.

"எம்பொண்ணுக்கு இது ஒண்ணும் தெரியாது. அப்ப சின்னப் புள்ள, நெனவிருக்காது. தெரிஞ்சா தாங்க மாட்டா. அவகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா."

அக்கா தலையை நிமிர்த்தினாள். அம்மாவின் தோளுக்கு மேலாக, தட்டோடு நின்ற என்னை நேராகப் பார்த்தாள்.

"சொல்லமாட்டேம்மா," என்றாள். "சத்தியமா யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."