முதல் ஆளாக வருவதாகச் சொன்னவர்

"சட்டத்தைத்தான் மாத்தியாச்சேம்மா. இனியாவது ஓய்வெடுக்கலாம்ல?"

இரண்டு முனை மகள் கையில், இரண்டு முனை அம்மா கையில். படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சில் சட்டம் வந்தால் அம்மாவின் கை தானாக விட்டுவிடும். அன்றும் விரிப்பு தரையில் கிடந்தது.

"மிச்சப் பழைய கேஸையெல்லாம் உங்க தாத்தாவா வந்து பார்ப்பாரு?"

சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். மறுநாள் நீதிமன்றப் படியில் மாரடைப்பு; அம்மா போய்விட்டார்.

அம்மா வழக்கறிஞர். கிளிப்புக்கு அடங்காத தலைமுடி. சீப்பு படுவது நீதிமன்ற வாசலில்தான். எச்.ஐ.வி இருப்பதைச் சொல்லாமல் உறவுகொண்டால் சிறை என்றது பழைய சட்டம். யாருக்காவது தொற்றியதா என்று அது கேட்டதில்லை. அதை மாற்ற அம்மா ஏறி இறங்காத குழு இல்லை. "டெஸ்ட் எடுத்தவன் குற்றவாளி, எடுக்காதவன் உத்தமன். அப்புறம் எவன் சார் ஊசிக்குக் கை நீட்டுவான்?" என்று ஒரு குழுத் தலைவரிடம் கேட்டார். தலைவர் தண்ணீர் குடித்தார்.

ரத்தத்தில் வைரஸ் அளவைக் காட்டும் கருவிகளைப் பராமரிப்பவள் மகள். ஒழுங்காக மருந்து எடுத்தால் அளவு கருவிக்கே சிக்காது, உறவிலும் தொற்றாது. இதை அவள் வரைபடத்தோடு தொடங்கினால் அம்மா கரண்டியை ஓங்குவார். "படம் வேணாம். மக்குக்குச் சொல்ற மாதிரி சொல்லு." மறுநாள் அதையே சொந்தச் சரக்குபோல நீதிபதியிடம் அவிழ்ப்பார். கூச்சமே கிடையாது.

வேண்டுமென்றே தொற்றவைப்பது மட்டுமே இனிக் குற்றம் என்றானது. ஆனால் பழைய தண்டனைகள் அப்படியே நின்றன. அவற்றில் அம்மா எடுத்த முதல் வழக்கு ஒரு முடிதிருத்தும் பெண்ணுடையது. மருந்தை ஒருநாளும் தவறவிடாதவள், யாருக்கும் தொற்றவில்லை. பிரிந்துபோனவன் கொடுத்த புகாரில் சிறைக்குப் போய், கடையையும் இழந்திருந்தாள். தண்டனையை ரத்து செய்யவைத்த கையோடு அம்மா சொன்னார்: "கடையைத் திற. முதல் ஆளா நான் வந்து உட்கார்றேன். அப்புறம் தெருவே வரும்."

கடை திறந்த அன்று மகள் போனாள். எதிர்ச்சாரியில் நாலைந்து பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தியும் தெருவைக் கடக்கவில்லை. புது நாற்காலியின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

"அம்மா வரேன்னாங்க," என்றாள் கடைக்காரி.

"தெரியும்க்கா. எவ்வளவு வெட்டச் சொன்னாங்க?"

"காது தெரியற அளவுக்கு. உங்க முகத்துக்கு எடுபடாதும்மா."

"அவங்களுக்கும் எடுபட்டிருக்காது."

மகள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியின் உறையைக் கிழித்தாள்.