பாலுக்கு வைத்த தங்கம்

மைசூர் பாணி ஓவியம் கற்றுக்கொண்ட காலத்தில் எத்தனையோ தாய்மார்களை வரைந்திருக்கிறேன். எல்லோரும் குட்டிக் கண்ணனை மடியில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். ஒருத்திக்கும் தலை கலைந்திருக்காது. நகைகளுக்கும் பீடத்துக்கும் தங்கத்தாள் ஒட்டுவோம்.

எனக்கு மகள் பிறந்த சில மாதங்களில், தாய்மை பற்றிய கண்காட்சி ஒன்றுக்குப் படம் கேட்டார்கள். அவள் தூங்கிய நேரங்களில் வரைந்தேன். அடுப்படியில் நின்றபடி, பாத்திரத்திலிருந்தே தயிர்சாதத்தை அள்ளித் தின்னும் ஒருத்தி. இடுப்பில் அலறும் குழந்தை. அவள் குழந்தையைப் பார்க்கவில்லை, சோற்றைத்தான் பார்க்கிறாள். ரவிக்கையில் பால் கசிந்து நனைந்த இடத்தில் மட்டும் தங்கத்தாள் வைத்தேன்.

கண்காட்சியை நடத்தியவர் எங்களைப் போலவே மைசூர்த் தமிழர். படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

"கைவேலை நன்னா வந்திருக்கும்மா. ஸ்வல்ப முந்தானைய மட்டும் இழுத்து விட்டுடு. முகத்துல ஒரு சிரிப்பு வை."

"பசியில சாப்பிடறா சார். எதுக்குச் சிரிக்கணும்?"

"தங்கம் சுவாமிக்கு வைக்கறது. கறைக்கு வைக்கலாமா?"

"அது கறையில்லை, பால்."

"எல்லாரும் குடும்பத்தோட வருவா. மாத்தலேன்னா மாட்ட முடியாது."

"அப்போ திருப்பிக் கொடுத்துடுங்கோ."

ஆட்டோவில் படத்தை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றே கூடத்தில், வாசலுக்கு நேர் எதிரே, ஆணியடித்து மாட்டினேன்.

மாமியார் சமையலறையிலிருந்து வந்து பார்த்தார். "ஆத்துக்கு வர்றவா என்ன நெனச்சுப்பா?"

"சாப்பிடறவளைக் கூப்பிடக் கூடாதுன்னு நெனச்சுக்கட்டும்."

தசராவுக்குக் கொலு பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்த அன்று, படத்தின்மேல் பட்டுப்புடவை ஒன்று தொங்கியது. மாமியாரின் வேலை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்து மடித்து அவர் கையில் கொடுத்தேன். கைக்குழந்தையோடு வந்திருந்த எதிர்வீட்டுப் பெண் மட்டும் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"ஏன் நின்னுண்டே சாப்பிடறா?" என்று யாரோ கேட்டார்கள்.

"உக்காந்தா எழுப்பிடுவாங்க," என்றாள் அவள், திரும்பாமலே.

மாமியார் எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தார். அதற்குப் பிறகு படத்தை அவர் மூடவில்லை. பிடித்துவிட்டது என்றும் சொன்னதில்லை.

இப்போது அடுத்த படம் நடக்கிறது. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருத்தி; கதவடியில் நுழையும் பிஞ்சு விரல்கள்.

"இதையும் கூடத்துலயா மாட்டப் போறே?" என்று நேற்று மாமியார் கேட்டார்.

"ஆமாம்மா. இது இன்னும் பெரிசு."