கழித்தால் மிஞ்சும் புள்ளி

எனக்குப் பொறுமை கிடையாது. பஸ் வராவிட்டால் நடந்தே போய்விடுகிற ரகம். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, ஒரு நட்சத்திரம் இல்லாமல் போய்விட்டதா என்று வருஷக்கணக்கில் காத்திருப்பது.

தூரத்து கேலக்ஸி ஒன்றில் நட்சத்திரம் வெடித்திருந்தது. அதன் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தால் ஹைட்ரஜன் கொட்டிக் கிடந்தது; சிவந்து பெருத்த நட்சத்திரம் வெடித்ததற்கு அடையாளம் அது. வெடிப்புக்கு முன்னால் யாரோ எதற்கோ எடுத்த பழைய படத்தில், அதே இடத்தில், பெருத்த சிவப்பு நட்சத்திரம் ஒன்று. இதுதான் வெடித்தது என்றேன் நான். வெடித்தது பக்கத்திலே ஒளிந்திருந்த இன்னொன்றாக இருக்கலாமே என்றார் என் கைடு. வெளிச்சம் அடங்கியபின் எடுக்கும் புதுப்படத்தில் அந்தச் சிவப்பு காணாமல் போயிருந்தால் என் ஆய்வேடு பிழைக்கும். இருந்தால் குப்பை. மார்த்தாண்டத்திலிருந்து அம்மா போனில் கேட்பாள்: "அந்தச் சவம் ஒழிஞ்சுதா மக்ளே?"

கடைசியில் ஒரு மத்தியானம் புதுப்படம் கம்ப்யூட்டரில் இறங்கியது. இறங்கி முடிவதற்குள் நடந்து நடந்தே வராந்தாவைத் தேய்த்துவிட்டேன். பழையதிலிருந்து புதியதைக் கழிப்போம். இருப்பதெல்லாம் அழிந்துபோகும், போனது மட்டும் புள்ளியாக நிற்கும். கழித்தேன். திரை சுத்தமாக வெறுமை. அப்படியென்றால் எதுவும் போகவில்லை, என் நட்சத்திரம் குத்துக்கல்லாட்டம் அங்கேயே இருக்கிறது!

யாரிடமும் சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கழக்கூட்டத்து ஆய்வுக்கூடத்திலிருந்து தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"எல்லாம் போச்சும்மா."

"போனா போவுது. நீ ஏறி வா மக்ளே, சோறு இருக்கு."

மார்த்தாண்டம் வழியாகப் போகும் நாகர்கோவில் பஸ்ஸில் உட்கார்ந்தும் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பாலராமபுரம் பக்கம் மூக்குக்கண்ணாடியைத் துப்பட்டாவால் துடைத்தேன். எவ்வளவு துடைத்தும் லேசான மங்கல் போகவில்லை. அப்போதுதான் உறைத்தது. வேறு வேறு நாளில் எடுத்த இரண்டு படங்களைக் கழித்தால் பொடிப்பொடியாகக் கசடு மிஞ்சாமல் இருக்காது. அவ்வளவு சுத்தம் வரவேண்டுமானால்... அட மூதேவி, பழைய படத்திலிருந்து பழைய படத்தையே கழித்திருக்கிறேன்!

"இறங்கணும், இறங்கணும்!"

"இப்போ கேறியதல்லே உள்ளூ?" என்று, இப்போதுதானே ஏறினாய் என்கிற மாதிரி மலையாளத்தில் முறைத்துக்கொண்டே கண்டக்டர் மணியை இழுத்தார்.

திரும்பி ஓடி, சரியான படத்தைப் போட்டுக் கழித்தேன். திரை முழுக்கக் கசடு. நடுவில், நான் சொன்ன அதே இடத்தில், ஒரு புள்ளி. கைடு கதவருகே எட்டிப் பார்த்தார்.

"போயோ?"

"போயி சார்."

கேட்டுக்கு வெளியே இருந்த டெலிபோன் பூத்துக்கு ஓடினேன். "அம்மா, அது செத்துட்டு! சந்தேகமே இல்ல, செத்துட்டு!" சொல்லும்போதே அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

போனை வைத்தேன். பூத்துக்காரர் எழுந்து தன் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். "இரிக்கு மோளே," என்று மெதுவாகச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் எடுத்துத் தந்தார்.

என்னவென்று சொல்ல? வாங்கிக் குடித்தேன். இத்தனை வருஷமாக அது ஒழிய வேண்டும் என்று தவம் கிடந்தவள் நான். அதற்குத் துக்கம் கேட்டவர் அந்த மனுஷர் ஒருத்தர்தான்.